மழையில் இறுகும் மூட்டு: நம்பிக்கையும் உண்மையும்

ஆட்டம் கண்ட நாற்காலியின் மூட்டை நனைத்து வைத்தால் மரம் ஊறித் தானாக இறுகிவிடும் என்பது, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த உப்பங்கழிகளுமாக ஈரக்காற்றின் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளி போன்ற ஊரில் எளிதில் வேரூன்றக்கூடிய நம்பிக்கையாகும். ஐப்பசி அடைமழையில் ஆட்டம் நின்றுபோவதைக் கண்ணால் காண்பவர் அதை ஐயுறக் காரணமில்லை. ஆனால் அந்த இறுக்கமே அடுத்த கோடையில் இடைவெளியைப் பெருக்குகிறது.

கைவேலையாகச் செய்த மரச்சாமான்களில், சட்டத்தின் நுனியில் நாக்குப்போல நீட்டிவிடப்படும் கழுந்து, காலில் உளியால் தோண்டிய துளைக்குள் பொருத்தப்படுகிறது. மரம் நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரம் ஏறினால் விரிந்து, உலர்ந்தால் சுருங்குகிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 6 சதவீதமும் அவற்றுக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். ஆகவே 75 மி.மீ. அகலமுள்ள தேக்குக் கழுந்து, மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளிகள் கூடினால் அரை மில்லிமீட்டர் வரை அகலும். துளையின் நீளமோ கால்மரத்தின் நார்ப்போக்கில் அமைந்திருப்பதால் அதற்கு இடங்கொடாது. இப்படி நெருக்குண்ட நார்கள் நசுங்கி, அந்த நசுக்கம் நிலைத்துவிடுவதால், மே மாதத்தில் கடற்காற்று பிந்தி மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாள்களில் கழுந்து தன் பழைய அளவைவிடவும் சிறுத்துவிடுகிறது. நன்றாகப் பதப்படுத்திய மரம் அசையாது என்பாரும் உளர். பதப்படுத்துவது அசைவைக் குறைக்குமேயன்றி நிறுத்தாது.

மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்பது இடைவெளியை மறைக்கும், மூட்டைத் தாங்காது. தூளில் தொடர்ச்சியான நார் இல்லை, அவ்வகைப் பசையும் மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் வலுவாகப் பிடிக்கும். இரும்பாணி அடிப்பது அதனினும் கேடு: உப்புக்காற்றில் ஆணி துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கவும் பிளக்கவும் செய்கிறது.

முறையான பழுதுபார்ப்பு பொறுமையைக் கேட்பது. மூட்டைக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியுமளவு சுரண்டி (காய்ந்த பசைமீது புதுப் பசை பொதுவாகச் சரியாக ஒட்டாது, பல பழுதுபார்ப்புகள் தோற்பது இங்கேதான்), கழுந்தின் பக்கவாட்டில் அதே வகை மரத்தின் மெல்லிய சீவலை நார்ப்போக்கு ஒத்திருக்குமாறு ஒட்டி, துளைக்குள் கையால் அழுத்தினால் நுழையுமளவுக்கு இழைத்து, பின்னர் பசையிட்டுக் கயிற்றை முறுக்கி இறுக்கி வைக்க வேண்டும். அடைமழையும் கடுங்கோடையும் அல்லாத மாசி மாதம் இதற்கு ஏற்றது.

எல்லா இடைவெளியும் பழுதன்று. அலமாரிக் கதவின் சட்டத்திலுள்ள காடியில், அதாவது பலகையின் ஓரம் நுழையும் நீள்பள்ளத்தில், பலகையைத் தச்சர் பசையின்றி விட்டிருப்பது அது விரிந்து சுருங்குவதற்காகவே. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அங்கே பசையிட்டு, பட்டியும் வைத்து அடைத்தால், உலரும் பருவத்தில் பலகை நடுவே வெடிக்கும்.