ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர் போன்ற ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெச்.பி.வி. பரிசோதனை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதைத்தான் பரிந்துரைத்தது. கிடைக்காத இடத்தில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. இருக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தபோது, இந்த நோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது.

1. அழைப்பு: ஆவூரில் என்றால், பெரியநாயகி மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிக்கச் சொல்லுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும் போய்ச் சொல்லுங்கள். 30 வயது கடந்தவர்கள், மாதவிலக்கு இல்லாத நாளில் வரட்டும்.

2. கரைசல்: 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி அடர் அசிட்டிக் அமிலம். அன்றன்று காலையில் கலக்குங்கள். மீதியை மாலையில் கொட்டிவிடுங்கள். அடர் அமில பாட்டிலைப் பரிசோதனை மேசைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. நேரடியாகப் பட்டால் சுட்டுவிடும்.

3. வெளிச்சம்: ஜன்னல் வெளிச்சம் போதாது. ஃபோகஸ் விளக்கு வேண்டும். கரண்ட் போனால் எடுக்க, சார்ஜ் ஏற்றிய வெள்ளை எல்.இ.டி. டார்ச்சும் வேண்டும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிய திட்டு சரியாகத் தெரியாது.

4. பார்ப்பது: பலர் தடுமாறுவது இங்கேதான். ஸ்பெகுலத்தை வைத்ததும் சளியை மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கசிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். புண்ணோ கட்டியோ தெரிந்து, தொட்டாலே ரத்தம் வந்தால் அதோடு நிறுத்தி, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்து எல்லைக்கோட்டைத் தேடுங்கள். வெளியே வழவழப்பான இளஞ்சிவப்பு, உள்ளே குருணையாகத் தெரியும் அடர்சிவப்பு. இரண்டும் சேரும் இடம்தான் அது. சுற்றிலும் முழுதாகத் தெரிய வேண்டும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது உள்ளே போயிருக்கலாம். தெரியாவிட்டால் "நெகட்டிவ்" என்று எழுதாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும்.

இப்போது கரைசலில் நனைத்த பஞ்சை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். வரிசை நீள்கிறதே என்று இருபது நொடியில் எடுத்தால் அந்தப் பரிசோதனை வீண். காத்திருக்கையில், "எரியுதாக்கா? லேசாத்தான் இருக்கும்" என்று பேச்சுக் கொடுங்கள்.

எல்லைக்கோட்டைத் தொட்டபடி, ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்ந்த வெள்ளைத் திட்டு இருந்தால் பாசிட்டிவ். சட்டென்று மங்கிவிடும் மெல்லிய வெளிறல், புள்ளி புள்ளியான வெண்மை, கோட்டை விட்டுத் தள்ளி நிற்கும் திட்டு ஆகியவை பாசிட்டிவ் அல்ல. சந்தேகம் இருந்தால் மறுபடி தடவி, இன்னொரு நிமிடம் பாருங்கள்.

5. பதிவு: கடிகார முகம்போல் வட்டம் போட்டு, திட்டு எத்தனை மணிப் பக்கம் என்று குறியுங்கள். ஐந்தே நொடி வேலை. அடுத்து பார்க்கும் மருத்துவருக்குப் பெரிய உதவி.

6. அனுப்புவது: பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; அதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வெறும் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த நாளில், யார் துணையோடு போவது என்பதை அங்கேயே முடிவு செய்து, கைபேசி எண்ணை வாங்கிவையுங்கள். சிகிச்சை வரை போய்ச் சேராத பாசிட்டிவால் யாருக்கும் பயனில்லை.