வடிந்த வீக்கம் திரும்பும்போது

கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைப்பு என்றதும், நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைப்பதைப் போல இதற்கும் ஏதாவது செய்து அடைப்பை எடுத்துவிடுவார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். அடைப்பை யாரும் எடுப்பதில்லை. அடைப்பால் வந்த வீக்கத்துக்குத்தான் கண்ணில் ஊசி போடுகிறார்கள். இது விளங்கினால், வடிந்த வீக்கம் ஏன் திரும்பி வருகிறது என்ற கலக்கம் பாதி குறையும்.

விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டையும் ஒரே உறை மூடியிருக்கிறது. பல வருட பி.பி.யில் தமனி தடித்து இறுகினால், ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சிரை நசுங்கும். எனக்கு இடது கண்ணில், சிரையின் மேல் கிளையில் அப்படி ஆனது. ரத்தம் தேங்கிப் பிராணவாயு குறைந்த விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். அது நுண்குழாய்களைக் கசிய வைக்க, பார்வையின் மையமான மாக்குலாவில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசி மருந்து அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும். சில வாரங்களில் மருந்தின் பலம் தீர்ந்துவிடும். சிரையோ அடைத்தபடியே கிடக்கும். பக்கத்தில் மாற்றுக் குழாய்கள் உருவாகி ரத்தம் வேறு வழி தேடிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும்.

அதுவரை காவல் நம்முடையது. நான் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன், வரி நெளிந்தால் உடனே தெரிந்துவிடும். மற்றவர்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே புள்ளி வைத்துக்கொள்ளலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, நல்ல கண்ணை மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு வளைந்தாலோ கட்டம் கலங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடும்.

ஓசிடி ஸ்கேன் எடுத்தால் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். மாக்குலாவின் நடுத் தடிமன் பொதுவாக 300 மைக்ரானுக்குள் இருக்கும். எனக்கு 500-ஐத் தாண்டி, ஊசிக்குப் பின் இறங்கி, மறுபடி ஏறியது. எண்ணும் பார்வையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எண் இறங்கிய பிறகும் எழுத்து மங்கலாகவே இருந்த நாட்கள் உண்டு. ஆனாலும் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மருந்து எத்தனை வாரம் தாங்குகிறது என்பது நமக்கே புரியும்.

ஊசி தாங்கும் காலம் சுருங்கிக்கொண்டே வந்தபோது, ரெடினா டாக்டர் அழற்சியைப் பற்றிச் சொன்னார். நாள்பட்ட அடைப்பில் வி.இ.ஜி.எஃப். மட்டுமே குற்றவாளி இல்லையாம். இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களும் சேர்ந்து குழாய்ச் சுவரைக் கசிய வைக்கும். அதற்கு ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் 0.7 மில்லிகிராம் கொண்ட ஒரு சின்னக் குச்சியைக் கண்ணுக்குள் செலுத்தினார்கள். அது தானே கரையும். மூன்று நான்கு மாதம் வேலை செய்யும்.

அதற்கான விலையையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டால் கண்புரை சீக்கிரம் முற்றும், கண் பிரஷர் ஏறும். பிரஷர் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவது மாத வாக்கில். பார்வை நன்றாகத் தெளிந்திருக்கும் நேரம் அது, வலியும் இராது, அதனாலேயே பலர் பரிசோதனைக்குப் போவதில்லை. போங்கள். எனக்கு 28 காட்டியது, சொட்டு மருந்தில் இறங்கியது. ஆஸ்துமா இருந்தால் சொட்டு மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். டிமோலால் மூச்சுத்திணறலைக் கிளப்பும். கண்ணில் நீரழுத்த நோய் இருந்தாலும், புரை ஆபரேஷனில் லென்ஸ் வைத்ததில் சிக்கல் ஏற்பட்டிருந்தாலும், குச்சி வைக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். பின்பக்க உறை கிழிந்திருந்தால் குச்சி கண்ணின் முன்பகுதிக்கு நகர்ந்துவிடலாம்.

ஒருமுறை ஊசி போட்ட மறுநாள் வெள்ளை விழியில் ரத்தத் திட்டு. "என்ன தம்பி, கண்ணு இப்படி ரத்தமா இருக்கு!" என்று அண்ணி பதறிவிட்டார். வலியில்லாத அந்தத் திட்டு ஓரிரு வாரத்தில் தானே கரைந்துவிடும். ஊசி போட்ட அன்று மாலை எரிச்சல் இருந்தால், பெரும்பாலும் கண்ணைச் சுத்தம் செய்ய விடும் பெட்டாடின் மருந்தால். ஆனால் நாளுக்கு நாள் வலி கூடி, வெளிச்சம் பார்க்கவே கூசி, பார்வையும் மங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப்பைச் சிறு அளவுகளாகப் பிரித்துப் போடுவதால் செலவு குறைவு. விழித்திரையின் மையச் சிரை அடைப்பில் அது விலை கூடிய அஃப்லிபர்செப்ட்டுக்கு ஆறாம் மாதத்தில் சளைக்கவில்லை என்று 2017-இல் வெளியான ஸ்கோர்-2 ஆய்வு காட்டியது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார், ஆனால் கேள்வி நம்மிடமிருந்து போகலாம்.

பி.பி., சர்க்கரை இரண்டையும் பொது மருத்துவரிடம் காட்டிக் கட்டுக்குள் வைக்கச் சொன்னதைக் கண்டிப்பாகவே கேட்டுக்கொண்டேன். மற்றக் கண்ணும் அதே உடம்பில்தானே இருக்கிறது.

போன ஸ்கேனில் மாக்குலா காய்ந்திருந்தது. டாக்டர் இடைவெளியை இன்னும் இரண்டு வாரம் தள்ளியிருக்கிறார். நடுவில் கோடு நெளிந்தால் தேதி பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.