மூலனூர் முருங்கையும் கிராமக் குழந்தைகளின் தேகசுகமும்

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாகும்? கல்லூரியிற் பயிலும் நாம் கல்வியின் பெருமையைப் பலபடப் பேசுகின்றோம். அக்கல்வியை ஏற்கவேண்டிய கிராமக் குழந்தையின் உடல்நிலையைக் குறித்துச் சிந்திப்பதோ அரிது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். முந்திய ஆய்வில் இத்தொகை 51 ஆக இருந்தது. ஆகவே குறை வளர்ந்ததேயன்றித் தேயவில்லை.

இக்குறைக்குரிய மருந்துகளுள் ஒன்று நம் வேலியோரத்திலேயே நிற்கின்றது. திருப்பூர் ஜில்லாவில் தாராபுரத்திற்குக் கிழக்கேயுள்ள மூலனூர், மழை குறைந்த வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் ஆடுமாடுகள் மேய்வதும், தோட்டங்களில் முருங்கை காய்ப்பதும் அங்கே காணும் காட்சிகள். அவ்வூர்ப் பெயரையே தாங்கிய மூலனூர் முருங்கை என்னும் பல்லாண்டு வகையும் உண்டு. காய்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குச் செல்கின்றன. இலையையோ பொருட்படுத்துவார் சிலரே.

ஆனால் போஷணையில் இலையே மேலானது. இந்திய உணவுகளை ஆராயும் பணி, 1918 இல் மக்காரிசன் என்னும் வைத்தியர் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆராய்ச்சியினின்று வளர்ந்தது. அந்நிலையம் 1958 இல் ஹைதராபாத்திற்கு மாறி, இன்று தேசியப் போஷணை நிலையமாக விளங்குகின்றது. அதன் அட்டவணைப்படி 100 கிராம் முருங்கை இலையில் சுண்ணச்சத்து சுமார் 300 மில்லிகிராம் உண்டு. காயில் அதிற் பத்திலொரு பங்கே காணப்படும். மாலைக்கண்ணைத் தடுக்கும் ஏ ஜீவசத்தாக உடலில் மாறும் பொருளும் இலையில் மிகுதி.

அங்ஙனமாயின் இலை குழந்தையின் கலத்தை எய்தாமைக்குக் காரணம் யாது? முதலாவது, காய்க்கென வளர்க்கும் தோப்புகளிற் பூச்சிமருந்து தெளிக்கப்படுவதால், அவ்விலையை நினைத்தபோது பறித்துண்ணல் தகாது. இரண்டாவது, பனியன் கம்பெனிக்கு விடியற்காலையிலேயே வண்டியேறும் தாய்க்குக் கீரை ஆய்ந்து சமைக்கப் பொழுதில்லை. குழந்தையின் கையிற் காசைக் கொடுத்துச் செல்கின்றாள். அக்காசு பெட்டிக்கடையில் உறையிலிட்ட தின்பண்டமாகின்றது. இத்தாயைக் குறைகூறுதல் நீதியன்று. மூன்றாவது, கம்பளிப்பூச்சிக்கு அஞ்சி வீட்டருகில் முருங்கை வைக்கப் பலர் தயங்குகின்றனர்.

இத்தடைகளை நீக்கும் இடம் பள்ளிக்கூடமே. 1982 ஜூலை முதல் தேதி கிராமங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் அங்கே அடுப்பும் சமைப்பவரும் ஏற்கெனவே உளர். பிள்ளைகள் கை கழுவும் நீர் ஓடுமிடத்தில் நான்கு போத்துகளை நட்டால் அம்மரங்களுக்குத் தனியே நீரிறைக்கவேண்டுவதில்லை. மருந்து தெளிக்கலாகாது. ஆளுயரத்திற் கவாத்துச் செய்துவந்தால் தளிர் கைக்கெட்டும். கிளை முறிந்து விழும் அபாயமும் குறையும். கம்பளிப்பூச்சி கூட்டமாய்த் தண்டிற் சேரும்போதே கண்டு அழிக்கலாம்.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நெடுநேரம் வேகவைத்தால் சி ஜீவசத்து அழியும். சிறிது எண்ணெய் சேர்த்தாலன்றி ஏ ஜீவசத்துக்குரிய பொருள் நன்கு உடலிற் சேராது. கீரையிலுள்ள இரும்பு எளிதில் உடலிற் சுவறுவதன்று. எலுமிச்சஞ்சாறோ நெல்லிக்காயோ உடனுண்டால் அது மிகும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். இலையை உலர்த்தி வைப்பதாயின் வெயில் ஆகாது, நிழலே தக்கது.

முருங்கை ஒன்றே சோகையைத் தீர்த்துவிடுமென்று நாம் கூறவில்லை. குடற்புழுவுக்கு மருந்தும், வைத்தியர் தரும் இரும்புச்சத்து மருந்தும், பருப்பும் முட்டையும் பழமும் அவற்றிற்குரிய இடத்தில் வேண்டியனவே. எனினும் விலையின்றிக் கிடைக்கும் உணவைக் கைவிட்டு, விலைகொடுத்து நோயை வாங்குதல் அறிவுடைமையாகாது.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணாக்கர்காள்! நும் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டு, அவர் இசைவுபெற்று, ஒரு போத்தேனும் நட்டு வாருங்கள். அது வேர்பிடிக்குமளவும் நீர் வார்ப்பதற்கு ஒரு சிறுவனைப் பழக்குங்கள். நம் படிப்பின் பயன் நம் ஊர்க் குழந்தைகளின் முகத்திற் காணப்படுவதாக.