சபையில் ஒரு கமக்காரர்

விவசாய அபிவிருத்திக்கென அமைக்கப்படும் சபையொன்றில் "அனுபவம் வாய்ந்த கமக்காரர் ஒருவரும் இடம்பெறுவார்" என்று அறிவிக்கப்பட்டதும் நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். அந்த ஒருவர் யார், அவரை அனுப்பியது யார் என்று விசாரிப்பதில்லை. கிராமக் குழுக்கள் இம்முறை இதைப் பற்றிக் கலந்துரையாடுவது நல்லது.

நம் நாட்டில் இது புதிய விடயமல்ல. முன்னர் வட்டவிதானை வயற்காரியங்களைக் கவனித்தார். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் மூலம் அமைச்சர் பிலிப் குணவர்தன அந்த முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தார். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயிர்செய்வோருக்குக் கிடைத்தது. ஆனால் 1972 இல் விவசாய உற்பத்திக் குழுக்கள் உருவானபோது உறுப்பினரை நியமிப்பவர் அமைச்சரானார். மறுவருடமே பயிர்ச்செய்கைக் குழுக்களும் நியமனத்துக்குள் வந்தன. 1979 இல் கமநல சேவைகள் சட்டம், 1991 இல் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம், 2000 இல் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று பின்னர் பல வந்தன. கமக்காரர் தெரிவுசெய்த ஆளா, மேலிடம் தெரிவுசெய்த ஆளா என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

மேலிடம் தெரிவுசெய்யும்போது யார் கண்ணில் படுவார்? பெரும்பாலும் காணி கூடியவர், கந்தோருக்குப் போய்வரத் தெரிந்தவர், கட்சிக்கு வேண்டியவர். கிழக்கிலே ஒரு போடியாருக்கு நூறு ஏக்கர் இருக்கலாம். ஆனால் எந்த வரவையில் தண்ணீர் தேங்கும், எந்தப் பூமியில் அறக்கொட்டி முதலில் விழும் என்பதை அறிந்தவர் அவருடைய முல்லைக்காரராக இருக்கலாம். போடியாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடன், சந்தை, ஆலைக்காரர் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் அது வேறு அனுபவம். குத்தகைக்குச் செய்பவரும், நாற்று நட்டுக் களை பிடுங்கும் பெண்களும் அனுபவசாலிகளின் பட்டியலில் சேர்வதே இல்லை. உறுதியில் பெயர் இல்லாதவருக்கு அறிவும் இல்லையென்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள் போலும்.

கல்லோயா இடதுகரையில் 1980 களின் ஆரம்பத்தில் நடந்ததை இங்கே படிப்பது பயன் தரும். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் போன உடனே சங்கம் அமைத்துத் தலைவரைத் தெரியவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, வாய்க்காலைத் துப்புரவாக்கவும் தண்ணீரை முறைவைத்து விடவும் தூண்டினார்கள். வேலை நடக்கும்போது யார் சொல்லுக்கு மற்றவர்கள் செவிசாய்க்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. அதன் பின்னரே, வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் உடன்பட்ட ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைக்கோடியில் தமிழ் பேசும் கமக்காரர். மேலே இருந்தவர்கள் தண்ணீரை மிச்சப்படுத்திக் கீழே விட்ட சம்பவங்கள் அந்தக் காலத்திலேயே நடந்தன. இந்தப் பிரதிநிதிகள் உத்தியோகத்தர்களோடு கூட்டங்களில் அமர்ந்தபோது கைகட்டி நிற்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் முழுவதும் நின்றது.

அனுபவசாலி ஒருவர் சபையில் இல்லாவிட்டால், அல்லது இருந்தும் கேட்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 சாட்சி. அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இயற்கை விவசாயத்தை நாமும் விரும்புகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்குதான். அந்த ஒரு மூடைக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேல், சிலவேளை இரண்டு தொன்னுக்கும் மேல் கூட்டெரு வேண்டும். அதை எங்கே செய்வது, எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றுவது என்று வயலில் நிற்பவர் எவரும் முதல் நாளே கேட்டிருப்பார். பல வருடங்களில் படிப்படியாகச் செய்யவேண்டிய மாற்றம் அது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெருமளவில் வீழ்ந்தது.

நல்லவரை அனுப்பிவிட்டாலும் வேலை முடியவில்லை. நிகழ்ச்சிநிரல் அவருக்குத் தமிழில், கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே கிடைக்கவேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு நாளை இழப்பவருக்குப் பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும். உத்தியோகத்தருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், இவருக்கு ஓடாது. இயலுமானால் ஒருவரல்ல, இருவர் போகவேண்டும், அதில் ஒருவர் பெண்ணாயிருப்பது நல்லது. பத்து உத்தியோகத்தர் நடுவே தனியே இருக்கும் ஒருவர் தலையாட்டிவிட்டு வருவது இயல்பே. இரண்டு அல்லது மூன்று வருடத்தில் ஆள் மாறவும் வேண்டும், இல்லாவிட்டால் அவரும் மெல்ல மெல்ல ஓர் உத்தியோகத்தராகிவிடுவார்.

போனவர் திரும்பி வந்து சொல்வதே எல்லாவற்றிலும் கடினம். உங்கள் கமநல சேவை நிலையப் பிரிவில் கமக்காரரின் பெயரால் சபையில் இருப்பவர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். எத்தனை பேருக்குப் பதில் தெரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு அவரையே அழைத்து, சென்ற போகத்துக்கு முன் நடந்த கூட்டத்தில் விதைநெல், தண்ணீர், பசளை பற்றி என்ன முடிவானது, அதில் அவர் என்ன சொன்னார் என்று விசாரியுங்கள்.