யோகா, நடை, எடை: ஒரே வாரத்தில் மூன்றையும் பொருத்துவது எப்படி?

யோகா வகுப்புக்குத் தவறாமல் போகிறவருக்கு மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஜிம்மில் அறுபது கிலோ தூக்கும் இளைஞரால் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. இருவரும் உழைக்கத் தயங்காதவர்கள். உடம்பு கேட்கிற நான்கில் ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த நான்கு எவை? இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கும் திறன், தசையின் வலு, மூட்டுகள் தாராளமாக மடங்கி நீளுவது, தள்ளாடாமல் நிற்கும் சமநிலை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ இதயத்துக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பரிந்துரைத்தது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆசன வகுப்புகளில் நாடித்துடிப்பு இதயப் பயிற்சிக்கான அளவுக்கு ஏறுவதில்லை. அதனால் நடையின் இடத்தை யோகாவால் நிரப்ப முடியாது. நடையால் மட்டும் இடுப்பு மூட்டின் இறுக்கத்தைத் தளர்த்த முடியாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலையைக் கொடுத்து, சரியான நேரத்தில் வைத்துவிட்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

இப்படிச் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர், தண்டாலும் பஸ்கியும் பழகிய அவுந்த் சமஸ்தானத்து அரசர் பவான்ராவ் பந்த். 1930-களில் பெங்களூரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய கே.வி. ஐயர், பார்பெல்லையும் ஆசனங்களையும் ஒரே கூரையின் கீழ் கற்றுத்தந்தார்.

முதலில் ஒரு தாள்

இப்போது வாரம் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: இதயம், வலு, வளைவு, சமநிலை. கடைக்கு நடந்து போய் வருவது, மாடிப்படி, வயல்வேலை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நடை கணக்கில் வர ஒரே நிபந்தனைதான்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரட்டை அடித்தபடி போகும் மெதுநடை மனதுக்கு நல்லது, ஆனால் அதை இதயத்தின் கட்டத்தில் எழுதாதீர்கள். எந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பலரும் தமக்கு நன்றாக வருவதையே மேலும் மேலும் செய்வார்கள். உடம்பு இயல்பாகவே வளைகிறவர் யோகாவிலும், கட்டுமஸ்தானவர் ஜிம்மிலும் குடியிருப்பதைப் பார்க்கலாம். இருவருக்கும் வேண்டியது எதிர்த்தரப்பில் இருக்கிறது.

ஒரு நாளுக்குள் வரிசை

எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் அதிகக் குழப்பம். எடை தூக்கும் முன் பச்சிமோத்தாசனத்தில் இரண்டு நிமிடம் குனிந்து கிடக்கிறார்கள், ‘உடம்பு இளகட்டும்’ என்று. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அதன் பிறகு சற்று நேரத்துக்கு அந்தத் தசையின் வலு குறைகிறது. ஓடவோ தூக்கவோ போகும்போது அது வேண்டாத வேலை. முன்னால் செய்ய வேண்டியது அசைந்துகொண்டே இருக்கும் பயிற்சி: முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜரியாசனம் எட்டு பத்து முறை, தோள் சுழற்றல், கைகளைத் தூக்கி இறக்கியபடி அரை பஸ்கி, பிறகு நிதானமாக மூன்று நான்கு சுற்று சூரிய நமஸ்காரம். எந்த நிலையிலும் ஓரிரு மூச்சுக்கு மேல் நிற்க வேண்டாம். ஐந்தாறு நிமிடத்தில் நெற்றியில் வியர்வை துளிர்த்தால் போதும்.

அடுத்து அன்றைய முக்கியப் பயிற்சி. நீண்ட நேரம் நிலைத்திருக்கும் ஆசனங்கள் அதற்குப் பின்னால். உடம்பு சூடாக இருக்கும் அந்த நேரத்தில் தசை இணங்கிக் கொடுக்கும். கடைசியில் சவாசனம், ஐந்து நிமிடமாவது. ‘நேரமாச்சு’ என்று எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான். வேண்டுமானால் ஒரு ஆசனத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், சவாசனத்தை விடாதீர்கள்.

பிராணாயாமத்துக்கு மூச்சு முழுக்க அடங்க வேண்டும். ஓடி முடித்த கையோடு மூக்கைப் பிடித்துக்கொண்டு நாடிசுத்தி செய்ய உட்கார்ந்தால் திணறல்தான் மிஞ்சும். பத்து நிமிடம் விடுங்கள், அல்லது மாலைக்குத் தள்ளிவையுங்கள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைக் கடும் பயிற்சி நாளில் தவிர்ப்பது நல்லது.

எடையோடு சேர்க்கும்போது

இரண்டு விஷயங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, சூரிய நமஸ்காரத்தில் உடம்பைத் தரைக்கு இறக்கும் அசைவு, தண்டாலின் ஒரு பாதியே. வலது, இடது இரண்டு காலும் சேர்ந்து ஒரு சுற்று என்று வைத்தால், 12 சுற்றில் 24 முறை இறங்குகிறீர்கள். அதே நாளில் ஜிம்மில் பெஞ்ச் பிரஸும் தண்டாலும் செய்தால் தோள்பட்டையின் முன்பக்கத்துக்கு ஓய்வே கிடையாது. தோளில் நச்சென்று குத்துகிறது என்பவர்கள் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மார்பு, தோள் பயிற்சி செய்யும் நாளில் சூரிய நமஸ்காரம் உடம்பைச் சூடேற்றும் அளவோடு நிற்கட்டும். நிறைய சுற்று போட ஆசைப்பட்டால் கால் பயிற்சி நாளில் போடுங்கள்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆசனங்களில் தள்ளுவது உண்டு, தாங்குவது உண்டு. எடையை நம் பக்கம் இழுக்கும் அசைவு கிட்டத்தட்ட இல்லை. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு அந்தக் குறை தெரிந்திருக்காது. தினம் இருபது முப்பது குடம் இழுத்தால் முதுகின் மேல்பகுதியும் கைப்பிடியும் தானாகவே உறுதியாகிவிடும். மோட்டார் போட்டுத் தொட்டியில் ஏற்றும் நமக்கு அதைத் தனியாகச் செய்தாக வேண்டும். ஜிம் தேவையில்லை. ஒரு கட்டைப்பையில் 5 கிலோ அரிசிப் பாக்கெட்டை வையுங்கள். இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, முதுகு கூன் போடாமல் நேராக இருக்கும்படி முன்னால் சாயுங்கள். வலது கையில் பையைத் தொங்கவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி இடுப்போரம் வரை இழுங்கள். முழங்கை உடம்பை ஒட்டிப் பின்னால் போக வேண்டும். மூச்சை இழுத்தபடி மெதுவாக இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று தவணை. சுலபமாகிவிட்டால் இன்னொரு பாக்கெட் சேருங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவர்களுக்குப் புஜங்காசனத்தோடு இந்த ஒன்றும் சேர்ந்தால் முதுகு நிமிர்வது கண்கூடாகத் தெரியும்.

பளு தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கண்டிப்பாக. சிரமப்படும் கட்டத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். யோகாவில் அசைவோடு மூச்சை இணைக்கப் பழகியவர்களுக்கு இது எளிதாகக் கைவரும்.

நடைக்குப் பின் பதினைந்து நிமிடம்

நடையும் ஓட்டமும் கெண்டைக்கால், பின்தொடை, இடுப்பின் முன்பக்கம் மூன்றையும் இறுக்குகின்றன. வீடு திரும்பியதும் செய்ய நான்கு ஆசனங்கள் போதும்: அதோமுக ஸ்வானாசனம், ஆஞ்சநேயாசனம், சுப்த பாதாங்குஷ்டாசனம், விபரீத கரணி. முதலாவதில் குதிகால் தரையைத் தொடாவிட்டால் கவலை வேண்டாம். முழங்காலை மாற்றி மாற்றி மடக்கி நீட்டினாலே கெண்டைக்கால் தளரும். ஆஞ்சநேயாசனத்தில் தரையில் ஊன்றும் முழங்காலுக்குக் கீழே போர்வையை மடித்துப் போடுங்கள்.

சுப்த பாதாங்குஷ்டாசனத்தைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். மல்லாந்து படுங்கள். இடது கால் நீண்டு, குதிகால் தரையில் அழுந்தட்டும். வலது காலை மடக்கி, பாதத்தின் நடுவில் ஒரு துண்டை மாட்டுங்கள். ஈரிழைத் துண்டு நன்றாகப் பிடிக்கும். தடிமனான டர்க்கி டவல் கையில் நிற்காது. இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டபடி காலை மேல் நோக்கி நீட்டுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் இருக்கட்டும். தோளும் தலையும் தரையை விட்டு எழும்பினால் துண்டைத் தளர்த்திப் பிடியுங்கள். இழுப்பு பின்தொடையின் நடுவில் தெரிய வேண்டும். முழங்காலின் பின்குழியிலோ, நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் எலும்பின் அருகிலோ சுரீரென்றால் உடனே தளர்த்துங்கள். அந்த எலும்பில் ஒட்டும் தசைநாரை ஓயாமல் இழுத்து மாதக்கணக்கில் வலி வாங்கிக்கொள்ளும் யோகா பிரியர்கள் உண்டு. அவர்களுக்கு மேலும் இழுப்பது மருந்தாகாது. சேதுபந்தாசனம் போல அந்தத் தசையை உறுதிப்படுத்தும் பயிற்சிதான் வேண்டும். எட்டு நிதான மூச்சு, பிறகு அடுத்த கால்.

விபரீத கரணிக்குச் சுவரோரம் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம்.

வேறு விளையாட்டு உள்ளவர்கள் இதே முறையில் மாற்றிக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் புஜங்காசனமும் ஆஞ்சநேயாசனமும், நீச்சல்காரர்களுக்கும் பேட்மிண்டன் ஆடுகிறவர்களுக்கும் கோமுகாசனத்தின் கைநிலை. எந்தப் பக்கம் உடம்பு அதிகம் மடங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும் என்பதே கணக்கு.

வார அட்டவணை

திங்களும் வியாழனும் எடை, நாற்பது நிமிடம். முடிவில் பத்து நிமிட ஆசனம். ஒரே தசைக்கு மறுபடி கடுமையான வேலை கொடுக்க இரண்டு நாள் இடைவெளி கிடைத்துவிடும். செவ்வாய், வெள்ளி 45 நிமிட விரைநடை, பின்னால் மேலே சொன்ன நான்கு ஆசனங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் நடையோ, சைக்கிளோ, நீச்சலோ, நண்பர்களோடு பேட்மிண்டனோ. இதிலேயே 150 நிமிடம் வந்துவிடுகிறது. புதன் முழு யோகா: விருட்சாசனம், வீரபத்ராசனம் போன்ற நின்ற நிலைகள், முறுக்கும் ஆசனங்கள், பிராணாயாமம். ஞாயிறு ஓய்வு.

இதுவரை எதுவுமே செய்யாதவர்கள் நேரத்தைப் பாதியாக்கி, முதல் இரண்டு வாரம் நடையும் ஆசனமும் மட்டும் செய்யலாம். எடை மூன்றாவது வாரத்தில் வரட்டும். எடை தொடங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். வலிக்கிற தசையை இழுத்து இழுத்து ஆசனம் செய்தால் வலி சீக்கிரம் போகும் என்பது நம்பிக்கைதான். அன்று மெதுவாக நடங்கள், பாதி அளவுக்கு மட்டும் நீட்டுங்கள்.

சாப்பாட்டுக்கும் ஆசனத்துக்கும் மூன்று, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வஜ்ராசனம் மட்டும் விலக்கு. நடைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை எகிறாமல் தடுக்கும். சித்திரை, வைகாசியில் வெளியே செய்யும் பயிற்சியைக் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

யாருக்கு எது கூடாது

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களும் சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளைத் தொட வேண்டாம். விபரீத கரணிக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று மருத்துவர் சொல்லியிருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனிவதைத் தவிருங்கள். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து இருக்கிறது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கர்ப்பிணிகளும் குடலிறக்கம் உள்ளவர்களும் கபாலபாதி செய்யக் கூடாது. முழங்கால் பிடிவாதம் பிடித்தால் பத்மாசனத்துக்கு மல்லுக்கட்ட வேண்டாம், பாவம் அந்த மூட்டு. இடுப்பு திரும்பாத குறையை அது சுமக்கிறது. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, திடீர்த் தலைசுற்றல் வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ‘வாயுவாக இருக்கும்’ என்று காத்திருக்காதீர்கள்.

ஜிம் மாஸ்டருக்கு நீங்கள் யோகா செய்வது தெரிய வேண்டும், யோகா ஆசிரியருக்கு எடை தூக்குவது தெரிய வேண்டும். நேற்று கால் பயிற்சி செய்தேன் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால், நல்ல ஆசிரியர் அன்றைக்கு உங்களை ஆழமாகக் குனியச் சொல்ல மாட்டார்.

ஒரு மாதம் ஆனதும் வீட்டிலேயே மூன்றைச் சோதித்துப் பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது? தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? வழக்கமான பாதையில் 30 நிமிடத்தில் முன்பைவிடத் தூரம் போகிறீர்களா? எது நகரவில்லையோ அதற்கு அடுத்த மாதம் வாரத்தில் இன்னொரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தை உங்களுக்கு மிகப் பிடித்த பயிற்சியிலிருந்து எடுங்கள்.