தட்டில் மிஞ்சுவதைக் கடைக்காரரிடம் சொல்வோம்



உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறான் (அல்குர்ஆன் 7:31). ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்ட வசனம்தான். வீட்டில் ஓரளவு பேணவும் செய்கிறோம். காசு கொடுத்துக் கடையில் சாப்பிடும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

நமது அறக்கட்டளையில் மாதந்தோறும் அரிசி பெறுவோரில் ஒருவர், ஒரு பிரியாணிக் கடையில் தட்டுக் கழுவும் சகோதரி. சென்ற மாதம் அரிசிப் பையை வாங்கும்போது, "இந்த அளவுக்குச் சோத்தை ஞாயித்துக்கிழமை நான் குப்பையில கொட்டுறேன் அண்ணே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நமக்குத்தான் பதில் வரவில்லை.

அதன் பிறகு, உணவுக்கடை நடத்தும் நம் சகோதரர்கள் சிலரிடம் பேசினோம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "சோத்தைக் குறைச்சு வச்சா, அளவைக் குறைச்சிட்டான்னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. மிச்சம் வச்சுட்டுப் போறவங்க யாரும் ஏன்னு சொல்றதில்லை."

விஷயம் இதுதான். நமக்குப் பயந்து அவர் அள்ளி வைக்கிறார். அவர் மனம் நோகுமே என்று நாம் சொல்லாமல் எழுந்து வருகிறோம். இருவரின் மௌனமும் சேர்ந்து சோறாகக் குப்பைக்குப் போகிறது.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளிலும், 28 பங்கு உணவகம் போன்ற இடங்களிலும் வீணானது. வீட்டுப் பங்கை நாமே குறைக்கலாம். கடையின் பங்கைக் குறைக்க, கடைக்காரரும் வாடிக்கையாளரும் வாய் திறந்து பேச வேண்டும்.

"உணவில் குறை காணக்கூடாது என்பது சுன்னத்தாயிற்றே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் பழித்ததில்லை என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதே நபி (ஸல்) அவர்கள்தாம், கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் நேரிலேயே கேட்டார்கள் (முஸ்லிம்). உணவைப் பழிப்பது வேறு. வியாபாரிக்கு நன்மை நாடிச் சொல்வது வேறு. இரண்டாவதற்குப் பெயர் நஸீஹத். மார்க்கமே நஸீஹத்தான் என்பது தமீமுத் தாரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

அதை எப்படிச் சொல்வது?

1. பரிமாறும் முன்பே சொல்லுங்கள். "சோறு கொஞ்சமா வைங்க, போதலைன்னா கேட்டு வாங்கிக்கிறோம்" என்றால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஃபுல் பிரியாணி சொல்லாதீர்கள். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று கற்றுத்தரப்பட்ட உம்மத் நாம்.

2. பார்சல் வாங்கும்போது, கத்தரிக்காயோ பச்சடியோ உங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்றால், கட்டும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. மிஞ்சிவிட்டால், கல்லாவில் காசு கொடுக்கும்போது காரணத்தைச் சொல்லுங்கள். "நல்லா இல்லை" என்பதால் அவருக்குப் பயனில்லை. அளவு அதிகமா, உப்பு கூடியதா, சோறு குழைந்ததா என்று சொன்னால்தான் அவர் திருத்த முடியும். மற்றவர் காதில் விழாமல், மெதுவாகச் சொல்லுங்கள். கைபேசியில் ஊருக்கெல்லாம் எழுதுமுன் அவரிடம் சொல்வதே அழகு.

4. அவர் மாற்றிக்கொண்டால் மறுபடியும் அந்தக் கடைக்குப் போய் நன்றி சொல்லுங்கள். "அளவைக் குறைத்துவிட்டான்" என்று நாமே பேசினால், அவர் பயந்தது சரியாகிவிடும்.

கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆஃப் பிரியாணியின் விலை ஃபுல் விலையை நெருங்கி இருந்தால், யாரும் ஆஃப் கேட்க மாட்டார்கள். நியாயமான விலை வையுங்கள். முதலில் குறைவாக வைத்து, கேட்டால் மறுசோறு கொடுங்கள். தட்டுக் கழுவும் இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எது அதிகம் திரும்பி வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கழுவுகிறவரிடமும் கேளுங்கள், கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். யாராவது குறை சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சொல்லாமல் போகிறவர் திரும்பி வராமலும் போகலாம்.

தேக்சாவில் கை படாமல் மிஞ்சிய உணவை, கெடும் முன்பே பிறருக்குக் கொடுக்கலாம். அதற்கென்று 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறைகளும் வகுத்திருக்கிறது. அறக்கட்டளைக்கு உடனே தகவல் தந்தால் ஏற்பாடு செய்ய முயல்கிறோம். ஆனால் ஒருவர் சாப்பிட்டு வைத்த தட்டுச் சோற்றை எந்த ஏழைக்கும் கொடுக்க முடியாது. அது மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

அடுத்த மாதமும் அந்தச் சகோதரி அரிசி வாங்க வருவார், இன்ஷா அல்லாஹ். கொட்டுவது குறைந்திருக்கிறதா என்று கேட்க எண்ணியிருக்கிறோம். அவர் தரும் பதில் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

விரயத்திலிருந்து நம்மைக் காத்து, உண்ணும் உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.