'டேய்' என்று கூப்பிட ஓர் ஆள்



சில மாதங்களுக்கு முன் நமது கல்லறைத் தோட்டத்தில் ஓர் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் முதியவர் ஒருவர் வாசலருகே உட்கார்ந்திருந்தார். இறந்தவர் அவருக்கு உறவினர் அல்லர். சிறு வயதில் ஒன்றாக மாடு மேய்த்த சிநேகிதர். "சாமி, இனிமேல் என்னை 'டேய்'னு கூப்பிட ஊரிலே ஆளே இல்லை" என்றார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு உண்டு. வேளை தவறாமல் களியும் குழம்பும் உண்டு. ஆயினும் அவர் சொன்ன குறை மெய்யான குறையே.

அப்போது 2019-ஆம் ஆண்டு வெளிவந்த 'கே.டி. (எ) கருப்புதுரை' என்னும் தமிழ்ப் படம் என் நினைவுக்கு வந்தது. இயக்கியவர் மதுமிதா என்னும் பெண்மணி. நாடகப் பேராசிரியர் மு. ராமசாமி அதில் எண்பது வயதுக் கிழவராக நடித்தார். மூன்று மாதம் நினைவின்றிக் கிடந்த கிழவர் ஒருநாள் கண் விழிக்கிறார். தம்மைத் 'தலைக்கூத்தல்' செய்து முடித்துவிட வீட்டார் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டி முதியோரைச் சாகவிடும் இக்கொடுமை தென் மாவட்டங்கள் சிலவற்றில் இருந்துவந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கொலைபாதகம் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. கிழவர் ஓடிப்போகிறார்.

இவ்வளவு துயரமாகத் தொடங்கும் கதை, பிறகு நம்மைச் சிரிக்க வைக்கிறது. கோயிலில் வளரும் குட்டி என்ற அனாதைச் சிறுவன் அவருக்குத் துணையாகிறான். அவன் அவரைப் பயபக்தியோடு தாங்குவதில்லை, 'கே.டி.' என்கிறான், அதட்டுகிறான், வாயடிக்கிறான், அவருடைய ஆசைகளைப் பட்டியல் போடவைத்து ஒவ்வொன்றாய் நிறைவேற்றக் கிளம்புகிறான். கிழவருக்குப் பிரியாணி என்றால் உயிர். ஆனால் பிரியாணியைவிட அந்த வாயடிதான் அவரை எழுப்பி நடமாட வைத்தது என்பேன். குட்டியாக நடித்த நாகவிஷாலுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஸ்காட்லாந்து தேசத்தில் இதே பொருளில் 'ஸ்டில் கேம்' என்றொரு நகைச்சுவைத் தொடர், இடையே சில வருஷம் விட்டு, 2002 முதல் 2019 வரை தொலைக்காட்சியில் வந்தது. ஜாக், விக்டர் இருவரும் மனைவியை இழந்த கிழவர்கள். ஒரே அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீடு. நாள் முழுவதும் ஒருவரையொருவர் கேலி செய்வதே வேலை. ஊர்ச் செய்தியெல்லாம் சுமந்து திரியும் ஈசா என்ற பெண்மணியும் உண்டு. (நம் தெருக்களிலும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.) அவர்கள் கூடுமிடம் மதுக்கடை, அதை நான் சிபாரிசு செய்யவில்லை. கடைசிப் பகுதியில் அந்த முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காட்சியிலிருந்து மறைந்துபோகிறார்கள். கல்லறை வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு அதை எவரும் விளக்கவேண்டியிராது.

நாலாம் கற்பனை சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதென்று நினைக்கிறோம். அது வளர்ந்த பிள்ளைகளையும் கட்டும். அரசாங்கமும் 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் செய்திருக்கிறது. கைவிடப்பட்டவர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் பெறலாம். மூத்தோரைக் கைவிட்டால் மூன்று மாதச் சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. சோற்றுக்கும் மருந்துக்கும் உத்தரவிடலாம். சிநேகிதனுக்கு எந்த அதிகாரி உத்தரவிடுவார்?

அதைக் கெடுப்பவர்களோ பெரும்பாலும் நல்ல பிள்ளைகளே! ஓசூரிலும் பெங்களூரிலும் சம்பாதித்து ஊரில் புது வீடு கட்டுகிறோம்; திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கேட்டுப் போடுகிறோம். டீக்கடைப் பக்கம் போனால், "வயசான காலத்தில் வெட்டிப்பேச்சு எதற்கு?" என்கிறோம். பாட்டிமாரின் நிலை இன்னும் கடினம். வாக்கப்பட்டு வந்த ஊரில் "ஏண்டி" என்று கூப்பிடப் பால்ய சிநேகிதி ஏது?

இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்: உங்களை 'டா' போட்டு, 'டி' போட்டுக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எந்த ஊரில்? பென்னாகரமோ தருமபுரியோ, எதுவாயினும் பஸ் இருக்கிறது. ஒருநாள் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயந்திரம் போய் அழைத்து வாருங்கள். நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.